போரா, அரசா, வந்த மக்களா: சென்னையை ஆக்கியது எது?

உலக வரலாற்றைப் புரட்டிப் போட்டவை போர், அரசு, இடம்பெயர்வு என்று படிக்கிறோம். மூன்றில் எது பெரியது என்று பார்க்கப் பாரிமுனைக்கு வந்தாலே போதும். மூன்றின் தடயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

முதலில் போர். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம் ஒரு காலத்தில் குடியிருப்புகள் நெருக்கியடித்து நின்றன. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான். 1746இல் ஆங்கிலேயர்களின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் கனடாவில் இருந்த லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குப் போனது. ஐரோப்பாவில் போட்ட கையெழுத்தில் இங்கே ஒரு ஊர் கைமாறியது. அடுத்த முறை எதிரி வீடுகளின் மறைவில் நெருங்கிவிடக் கூடாது என்று கோட்டையைச் சுற்றியிருந்த ஊரையே ஆங்கிலேயர்கள் இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். கோயிலும் போனது; பின்னால் பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டினார்கள். அந்த வெட்டவெளிக்கு எல்லையாக 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரி கட்டடத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டிப் போய்த்தான் தினமும் பஸ் பிடிக்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்று எரிந்த எண்ணெய்த் தொட்டிகளைவிட 'எம்டன்' என்ற சொல்தான் நம்மிடம் தங்கியது.

அரசின் கணக்கு வேறு. அது ஊரை இடிப்பதைவிடக் கோடு போட்டு மாற்றுவதுதான் அதிகம். 1688இல் மாநகராட்சி வந்தது. 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்தச் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். 1920களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகருக்கு மனை பிரித்தார்கள். மாம்பலத்தில் மழைத்தண்ணீர் தேங்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வரும். பீரங்கி இடித்த வீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். தூர்த்த ஏரியை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? அதனால் போரையும் அரசையும் நிறுத்துப் பார்த்தால், அரசின் தட்டுதான் தாழும்.

ஆனால் என்னைக் கேட்டால், இரண்டையும் மிஞ்சியது இடம்பெயர்வு.

பர்மாத் தமிழர்களையே பாருங்கள். வட்டிக்கடை நடத்தியவர்கள், துறைமுகக் கூலிகள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று பல தலைமுறை அங்கே வாழ்ந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். பலர் காட்டு வழியே நடந்தார்கள், வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1962இல் ராணுவத் தளபதி நெ வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளெல்லாம் அரசுடைமை. எஞ்சியிருந்தவர்களில் பெரும்பகுதி கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறியது. சென்னைக்கு வந்தவர்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். 1969 வாக்கில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் உருவானது.

இவர்களைத் துரத்தியதே போரும் அரசும்தானே, அப்புறம் இடம்பெயர்வைத் தனியாக எண்ணுவது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துரத்தியது அவை இரண்டும்தான். ஆனால் வந்து இறங்கிய இடத்தில் எதை விற்பது, எதைச் சமைப்பது, பிள்ளைகளுக்கு எந்த ருசியைப் பழக்குவது என்பதை எந்தத் தளபதியும் எந்த மந்திரியும் சொல்லித் தரவில்லை. அதை வந்தவர்களே முடிவுசெய்தார்கள். ஆர்மீனிய வணிகர்கள் வந்து தங்கிய ஆர்மீனியன் தெருவுக்கும், வடநாட்டு வியாபாரிகள் குடியேறிய சௌகார்பேட்டைக்கும் இதே கதைதான்.

சாயங்காலம் செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் போனால் அத்தோ வண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். அத்தோ பர்மியப் பெயர்; பிசைந்து கலந்தது என்று பொருள். நான் பாதி சாப்பிடுவதற்குள் கடைக்காரர் வாழைத்தண்டு சூப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்: "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, அண்ணே?"