மருந்துப் பெட்டியா, தானே ஏறும் உயிரா?

1993-இல் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் ஆட்டம் 100 உயிரோடு தொடங்கும்; அடிபட்டால் குறையும், தீர்ந்தால் சாவு. சின்ன மருந்து 10 கூட்டும், பெரிய பெட்டி 25. தேடி எடுத்தால்தான் ஏறும். அதனால் 15 உயிரோடு கதவைத் திறக்கும்போது கை வியர்க்கும். ரகசிய அறைகளைத் துழாவவும் காரணம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பெட்டிகள் தீர்ந்த இடத்தில் சேவ் செய்துவிட்டால் அதே சண்டையில் திரும்பத் திரும்பச் சாக வேண்டும். ஆட்டக்காரர் எவ்வளவு உயிரோடு வருவார் என்று வடிவமைப்பாளருக்கும் தெரியாது.

2005-இன் கால் ஆஃப் டூட்டி 2 பெட்டியையே தூக்கிவிட்டது. சில நொடி அடிபடாமல் மறைந்திருந்தால் உயிர் நிரம்பிவிடும். அதனால் வடிவமைப்பாளர் சண்டைக்குச் சண்டை எதிரிகளை அளந்து வைக்கலாம். ஆனால் சுவருக்குப் பின்னால் குந்தி, சிவந்த திரை தெளியக் காத்திருப்பதெல்லாம் ஒரு விளையாட்டா? கையெறி குண்டு விழுந்து கிளப்பாவிட்டால் ஆட்டம் அங்கேயே தேங்கிவிடும்.

2001-இன் ஹேலோ இரண்டையும் கலந்தது: கவசம் தானே ஏறும், உயிருக்குப் பெட்டி வேண்டும். தனியாள் ஆட்டத்துக்கு என் ஓட்டு இதற்கே. பதுங்குவது பிடிக்காதவர்களுக்கு 2016-இன் டூம்: தள்ளாடும் எதிரியைக் கையால் முடித்தால் அவனிடமிருந்தே உயிர் சிதறும்.