கார்டு தேய்க்கக் காத்திருந்த நாள்கள்

பல்பொருள் அங்காடிகளில் அட்டை வழியாகப் பணம் செலுத்தும் வசதி வந்த புதிதில் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். வெளிநாட்டில் அதற்குள் அட்டை பழகிப்போயிருந்ததால், பணம் மாற்றும் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு அட்டையை மட்டும் நம்பிக் கடைக்குப் போனேன்.

கல்லாக்கள் பல இருந்தும் ஒன்றில்தான் அட்டை இயந்திரம் இருந்தது. அது கடையின் தொலைபேசி இணைப்பையே பயன்படுத்தியதால், கார்டைத் தேய்த்ததும் வங்கியின் எண்ணை அழைத்து, தொலைபேசிக் கம்பி வழியே தகவல் அனுப்பும் மோடத்தின் கீச்சொலி ஓய்ந்த பிறகே விவரங்களை அனுப்பத் தொடங்கும். அந்நேரத்தில் மேலாளர் அறையில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். ஆகவே காசாளர் பெண் ஒவ்வொரு முறையும் உள்பக்கம் திரும்பி, "போனை எடுத்துடாதீங்க, கார்டு போட்டிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டே பொத்தானை அழுத்தினார்.

என் அட்டையை இயந்திரம் இரண்டு முறை படிக்க மறுத்தது. அவர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்து, அட்டையின் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்துத் தேய்த்தார்; உடனே படித்துவிட்டது. காந்தப் பட்டையில் கீறல் விழுந்திருந்தால் படிக்கும் முனை அந்தக் கீறலின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது, நடுவில் ஒரு மெல்லிய படலம் வந்தால் இரைச்சல் அடங்கிவிடுகிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான இந்தப் பட்டையில் தகவல்கள் தனித்தனி வரிகளாக, அதாவது தடங்களாகப் பதிவாகும்; அவற்றில் கடைகள் அன்று பெரிதும் பயன்படுத்திய இரண்டாம் தடம் அதிகபட்சம் 40 எழுத்துகளையே தாங்கும். அட்டை எண்ணும் காலாவதி மாதமும் சில குறியீடுகளும் அதற்குள் அடங்கிவிடுவதால், அனுப்ப வேண்டிய தகவல் மிகக் குறைவு. நாங்கள் காத்திருந்ததெல்லாம் பெரும்பாலும் இணைப்புக் கிடைப்பதற்காகத்தான்.

அட்டையின் பின்புறம் நான் போட்டிருந்த கையெழுத்து பாதி அழிந்திருந்தது. வரிசை நீண்டுகொண்டிருந்தபோதும் அந்தப் பெண் பதறாமல் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த கையெழுத்தை இயந்திரம் அச்சிட்ட ரசீதில் நான் இட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பொருள்களைக் கொடுத்தார். நான் வசிக்கும் நாட்டில் யாரும் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. என் பணத்தை என்னைவிடக் கவனமாக ஒருவர் காத்தார் என்றே எனக்குத் தோன்றியது.

சிக்கல் அடுத்த வாரம் வேறொரு கடையில் வந்தது. இயந்திரம் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, பதில் வரவில்லை என்று காட்டியது. காசாளர் மறுபடி தேய்த்தார். இம்முறை ஆறிலக்க ஒப்புதல் எண்ணோடு சீட்டு வந்தது. வெளிநாடு திரும்பும் முன் என் வங்கியைக் கேட்டால், ஒரே தொகை கடைக்காக என் கணக்கில் இரண்டு முறை பிடித்துவைக்கப்பட்டிருந்தது. முதல் முறை தேய்த்தபோதே கோரிக்கை கடையின் வங்கி வழியாக என் வங்கியை அடைந்து ஒப்புதலும் பெற்றிருக்கிறது. அந்தப் பதில் திரும்பி வரும் வழியில்தான் இணைப்பு அறுந்திருக்கிறது. அட்டைப் பரிமாற்றச் செய்திகளின் வடிவத்தை வகுக்க 1987-ல் வெளியான ஐஎஸ்ஓ 8583 என்ற பன்னாட்டுத் தர நெறியில் இதற்கெனவே முந்தைய கோரிக்கையைத் திருப்பிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. இயந்திரம் அடுத்த இணைப்பில் அதை அனுப்பினால் பிடித்துவைத்த தொகை விடுபட்டுவிடும். அனுப்பாவிட்டால் அந்தப் பிடிப்பு காலாவதியாகும்வரை அட்டைக்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

தொழில்நுட்பம் அப்போது புதிது, தவறு நேரலாம் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் தோல்வியடைந்த முயற்சிக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தராமல், கடை வங்கியைக் கேள் என்றும், வங்கி கடையைக் கேள் என்றும் அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்து நாள்களும் நான்கு தொலைபேசி அழைப்புகளும் அதில் கழிந்தன.

கடைசியில் வழி திறந்தது முதல் கடையில்தான். விடைபெறும் முன் அங்கு போயிருந்தபோது, நடந்ததை அந்தக் காசாளர் பெண்ணிடம் சொன்னேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கோடிட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் தேதி, மணி, தொகை, அட்டையின் கடைசி நான்கு எண்கள் ஆகியவற்றை அவர் தம் கையால் எழுதிவைத்திருந்தார். "இந்த நாலும் இருந்தா பேங்க்ல தேடிக் கொடுத்துடுவாங்க, சார்" என்றார். இரண்டாவது கடையின் சீட்டில் அச்சாகியிருந்த நேரத்தையும் தொகையையும் வைத்து அதே நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வங்கிக்குப் பேசினேன். அந்த ஓர் அழைப்பிலேயே முதல் பிடிப்பைக் கண்டுபிடித்து விடுவித்தார்கள்.