கான்ட்ராக்டர் பில்லில் தகராறா? பேச்சு, லோக் அதாலத், நுகர்வோர் ஆணையம்: எது எப்போது?

களியக்காவிளைப் பக்கம் இது சாதாரணம்: வீடு தமிழ்நாட்டில், கான்ட்ராக்டர் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உள்ள நெய்யாற்றின்கரைக்காரர். மாடி ஒழுக்கை அடைக்க முதலில் சொன்ன தொகை ஒன்று, வேலை முடிந்து நீட்டும் பில் வேறொன்று. ஊரில் உடனே கிடைக்கும் யோசனையும் இரண்டுதான், பாக்கியைக் கொடுக்காதே, இல்லையென்றால் ஸ்டேஷனில் பெட்டிஷன் போடு.

ஸ்டேஷன் வேண்டவே வேண்டாம். அளவுக்கும் ரேட்டுக்கும் நடக்கும் சண்டை சிவில் விவகாரம், அங்கே தீராது. பாக்கியை மொத்தமாக நிறுத்துவதும் ஆபத்துதான், செய்த வேலைக்குப் பணம் வரவில்லை என்று அவர் 3 வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். தகராறு இல்லாத தொகையை பேங்க் வழியாகக் கொடுத்துவிட்டு, மீதி எதற்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் டேப்பை எடுக்க வேண்டும். "அண்ணே, ஒரு தடவை சேர்ந்து அளந்து பார்ப்போம்" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார்கள். 30க்கு 20 அடி மாடி என்றால் 600 சதுரடி, ஆனால் பில்லில் 700 இருக்கிறது. உடனே ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குப் பூசியிருந்தால் அதுவே 100 சதுரடி வரும், அந்த மூலையில்தான் தண்ணீர் இறங்கும் என்பதால் அது தேவையான வேலையும்கூட. 800 என்று போட்டிருந்தால்தான் கேள்வி. அப்புறம் ஜிஎஸ்டி: கேரளப் பதிவு எண் 32 என்றும் நம்முடையது 33 என்றும் தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி போட்டிருந்தால் அதை வசூலிக்க அவருக்கு உரிமை கிடையாது.

பேசியும் முடியவில்லையா? லோக் அதாலத், அதாவது சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் இல்லை, அங்கே முடிந்தால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. நூறு, இருநூறு சதுரடிச் சண்டைக்கு இதுதான் நல்ல வழி. ஆனால் இருவரும் சம்மதித்தால்தான் நடக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வராமலே இருந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படிப்பட்டவருக்கு நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், நாகர்கோவிலில் கொடுத்தால் போதும், நெய்யாற்றின்கரைக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை, வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். சட்டம் சொல்லும் 3 மாதத்தில் முடியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இழுக்கும். போடுவதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போன் செய்து பாருங்கள், அதிலேயே இறங்கி வருபவர்களும் உண்டு.

எந்த வழிக்குப் போனாலும் சரி, ஜூன் மழை வருகிறதே என்று வேறு ஆளை வைத்து மேலே பூசிவிடாதீர்கள். பூசிவிட்டால் பழைய வேலையின் குறையைக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. போட்டோ, வீடியோ, இன்னொரு மேஸ்திரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட், இவை கையில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.