பாளையங்கோட்டை மாடியில் செய்த ஸ்பீக்கர்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஸ்பீக்கர் செய்கிற அண்ணாச்சிக்கு போர்டும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. "பேரைப் போட்டுராதிய டீச்சர், வாங்கின ஆர்டரே இன்னும் முடியல" என்றார். அதனால் இங்கேயும் பெயர் இல்லை. ஜோடி 85,000 ரூபாய். வெறும் பெட்டிக்கு என்றால் விலை அதிகம்தான். வீட்டுக்கு வந்து நம் ஹாலுக்கு ஏற்றபடி சரிபண்ணிக் கொடுக்கிறாரே, அதையும் சேர்த்துப் பார்த்தால் கொடுக்கலாம். என் வீட்டுக்காரர் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. "நகை எடுத்திருந்தா அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்" என்கிறார்.

சிந்துபூந்துறையில் எங்கள் வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பழைய ஸ்பீக்கரின் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டி தண்ணீர் குடித்து ஊதி, ஒட்டு விட்டுப் போனது. எனவே பிளைவுட்டில்தான் வேண்டும் என்று கேட்டேன். 18 எம்எம் மெரைன் பிளை, மேலே தேக்கு வெனீர். கீழ்ச்சத்தத்துக்கு ஆறரை அங்குல வூஃபர், மேல்சத்தத்துக்கு ஒரு அங்குல ட்வீட்டர், இரண்டும் இந்தோனேசியாவில் தயாராகும் எஸ்பி அகூஸ்டிக்ஸ். பெட்டியும், சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் அண்ணாச்சியின் கைவேலை.

நாலு பேர்கூட இல்லாத பட்டறையில் இந்தத் தரம் வருமா என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் ஸ்பெண்டார் ஸ்பீக்கர் கம்பெனியே, பிபிசியில் வேலை பார்த்த ஸ்பென்சர் ஹியூஸும் அவர் மனைவி டோரதியும் தொடங்கியதுதான். இங்கே கொச்சியில் ரிதம் என்ற ஸ்பீக்கர் கம்பெனி இருக்கிறது, என் சம்பளத்துக்கு எட்டாது. ஒரு டிரைவருக்கு (வூஃபர் மாதிரி சத்தம் எழுப்பும் பாகம்) எத்தனை லிட்டர் பெட்டி, பெட்டியின் துளையில் எவ்வளவு நீளக் குழாய் என்பதை முன்னெல்லாம் பெரும்பாலும் செய்து செய்து பார்த்துத்தான் பிடிப்பார்கள். 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த வேலையும் அதைக் கணக்காக்கிவிட்டன. டிரைவரோடு வருகிற தாளில் அந்த எண்கள் இருக்கும். எனக்கு அண்ணாச்சி விளக்கியது வில்லுப்பாட்டுக் குடத்தை வைத்து. குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் 'கும்' என்று ஒரே சுருதியில் எழும்பும் இல்லையா, பெட்டிக்குள் இருக்கும் காற்றும் முன்னால் இருக்கும் குழாயும் செய்வது அதே வேலைதான். என் பெட்டி 20 லிட்டர், சுருதி 42 ஹெர்ட்ஸ்.

கொண்டுவந்து வைத்த அன்று பாட்டுப் போட விடவில்லை. லேப்டாப், ஒரு மெல்லிய மைக், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். கீழிருந்து மேலே ஏறுகிற 'ஊஊய்' என்ற சத்தம் திரும்பத் திரும்ப ஓடியதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். ஹால் முன்பின் 12 அடி. அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தேங்கும் என்றார், திரையிலும் அங்கேதான் கோடு குன்றாக எழும்பியிருந்தது. சோபாவைச் சுவரிலிருந்து முன்னால் இழுக்கச் சொன்னார், குழாய்க்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தார். குன்று பாதியாகிவிட்டது. அப்புறம் ட்வீட்டர். ரெட் ஆக்சைடு தரையும் சிமெண்ட் சுவரும் மேல்சத்தத்தை அப்படியே திருப்பி அடித்ததில் 'ஸ'கரம் எல்லாம் காதில் குத்தியது. பின்பக்கத் தட்டைக் கழற்றி, 2.2 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 3.3 ஓம் வைத்துப் பற்றவைத்தார். ட்வீட்டர் சத்தம் சுமார் ஒரு டெசிபல்தான் குறையும். ஆனால் அதற்கப்புறம் அந்தக் குத்தல் இல்லை. பெரிய கம்பெனிக்காரர் யார் வந்து இதைச் செய்வார்?

என்னிடம் இருக்கும் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பதிவுகள் மோனோ, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான் வரும். இரண்டு பெட்டியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்தான் மோனோ ஒலி நட்ட நடுவில் நிற்கும். நின்றது. நாகஸ்வரம் டிவி ஸ்டாண்டுக்கு மேலே ஓர் இடத்திலிருந்து வந்தது, நான் தலையை அசைத்தால்தான் நகர்ந்தது. தவிலின் தொப்பியில் குச்சி விழுவதும் வலந்தலையில் விரல்கூடு விழுவதும் தனித்தனியாகக் கேட்கின்றன. வில்லுப்பாட்டு போட்டால் வில்லின் சலங்கைமணியும் சுத்தம்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்குத் தரவில்லை, நடுவில் ஒரு தீபாவளியே போய்விட்டது. முன்பக்கம் துணி மூடி கிடையாது, கேட்டால் தனிக் காசு. குழந்தை இருக்கிற வீட்டில் ட்வீட்டர் குமிழ் ஒரு விரலுக்குத் தாங்காது. ஒரு பெட்டியின் அடியில் வெனீர் இணைப்பு லேசாகத் தெரிகிறது. ஸ்டாண்டும் நம் பொறுப்பு. நான் வெல்டிங் பட்டறையில் அடித்து உள்ளே எம்-சாண்ட் நிரப்பினேன். விற்கப் போனால் பேரில்லாத பெட்டிக்கு விலை வராது. இப்போதைய சினிமா குத்துப்பாட்டுக்கு வீடு அதிர வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம், 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆம்பிளிஃபயருக்கு 30 வாட்ஸ் எங்கள் ஹாலுக்குத் தாராளம்.

கோயில் கொடை சீசனில் போகாதீர்கள். ஊர் மைக் செட் ஆம்பிளிஃபயர் எல்லாம் ரிப்பேருக்கு அவர் மாடியில்தான் குவிந்து கிடக்கும். போகும்போது ஹாலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாடல் வேண்டும் என்று கேட்க மாட்டார், அதைத்தான் கேட்பார்.