பாறையேற்றச் சாமான்களை "அடுக்கித் தருகிறோம்" என்று வருகிறவர்களிடம் உஷார்

கோபம் அடங்கும் முன்பே எழுதுகிறேன். வார்த்தை எங்காவது தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்து சாமான்களை அடுக்கித் தரும் ஆப் ஒன்றில் ஆள் கூப்பிட்டேன். அதன் விளைவு, என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான பாறையேற்றச் சாமான்கள் குப்பைக்குப் போகின்றன. ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி ஆப்கள் நிறைய இருக்கின்றன. "விளையாட்டுச் சாமான் நிபுணர்" என்று தனிப் பிரிவு வைத்துக் கூடுதல் கட்டணம் வாங்குகிற வகை இது.

வந்தவரைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். குவிந்து கிடந்த கயிற்றை எடுத்து, என்னோடு பேசிக்கொண்டே, கையைக்கூடப் பார்க்காமல் அழகாகச் சுருட்டினார். "இதைத் தரையில போட்டு மிதிக்கவே கூடாது மேடம். பொடி மணல் உறைக்குள்ள போச்சுன்னா உள்நூலை அறுத்துக்கிட்டே இருக்கும்" என்றார். உண்மைதான். பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் முள் சட்டமான க்ராம்பானின் முனைகளுக்கு உறை போட்டுக் கயிற்றிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். அதுவும் சரிதான். இவ்வளவு தெரிந்தவரின் தலைக்கு மேல் நின்று யாராவது வேவு பார்ப்பார்களா? பக்கத்து அறையில் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

முடித்துவிட்டுக் கூப்பிட்டபோது சுவர் முழுக்க கொக்கிகள், கயிற்றை மாட்டும் உலோக வளையங்களான காரபினர்கள் நிறவாரியாக, எல்லாம் கண்காட்சி போல இருந்தது. தன் ஆப் பக்கத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, என்னிடம் ஓடிபி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த முறை கயிற்றுப் பையைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ப்ளீச் வாடை. கயிற்றில் திட்டுத்திட்டாக நிறம் போயிருந்தது. நைலான் கயிற்றை வெதுவெதுப்பான தண்ணீரில், அதற்கென்று உள்ள சோப்பிலோ மிதமான சோப்பிலோ அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ப்ளீச் பக்கத்திலேயே வரக்கூடாது. இது கயிற்றோடு வருகிற சீட்டிலேயே இருக்கும். போன் செய்தால், "சாக் பவுடர் கறை போகல மேடம், லேசாத்தான் விட்டேன்" என்கிறார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தேடினேன். இடுப்பில் கட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸ்களையும் நாடா வளையங்களான ஸ்லிங்குகளையும் ஒரு பெட்டியில் போட்டு, கார் ஷெட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பழைய கார் பேட்டரிக்கு ஒட்டி வைத்திருக்கிறார். "அங்கதான் இடம் இருந்துச்சு" என்பதுதான் காரணம். பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அமிலத்தின் ஆவி பட்டாலே நைலான் கெட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. போதாததற்கு, "பார்க்க அசிங்கமா தொங்குது" என்று ஹார்னஸ் லேபிள்களையும் கத்தரித்துவிட்டார். தயாரித்த தேதி, வரிசை எண், ஈஎன் 12277 என்ற ஐரோப்பியத் தர முத்திரை எல்லாம் அதில்தான் இருந்தன. இந்தத் துணிச் சாமான்களைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள்தான் என்று பல கம்பெனிகள் வரம்பு வைத்திருக்கின்றன. லேபிள் இல்லாத ஹார்னஸுக்கு வயதை யார் சொல்வது?

தப்பித்தது ஸ்லீப்பிங் பேக் மட்டும். அதைக் காற்றுறிஞ்சிய பிளாஸ்டிக் பையில் அப்பளமாக அமுக்கி வைத்திருந்தார். பெரிய துணிப்பைக்கு மாற்றியதும் உள்ளே இருக்கும் இறகு மெல்ல உப்பி வருகிறது.

இனி புகார்ப் படலம். சாட்டில் முதலில் இயந்திரம் பேசியது. அப்புறம் ஒரு மனிதர், "சேதமான இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். "படத்தில் உடைந்தது எதுவும் தெரியவில்லையே, கொஞ்சம் நிறம்தான் மங்கியிருக்கிறது" என்று பதில் வந்து புகார் மூடப்பட்டது. மறுபடி திறந்தேன். ஓடிபி கொடுத்துவிட்டதால் வேலை திருப்திகரமாக முடிந்ததாகவே அர்த்தமாம். கடைசியாக மேலாளர் என்று ஒருவர் பேசினார். "கயிறுதானே மேடம், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே" என்றார். நீங்கள் அதில் தொங்குகிறீர்களா என்று கேட்டேன். லைன் கட். கொஞ்ச நேரத்தில் அடுத்த சுத்தம் செய்யும் வேலைக்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது! இரண்டு மாதச் சம்பளம் போனவளுக்குக் கூப்பன்.

கண்ணுக்குத் தெரியாத சேதத்தை இவர்கள் சேதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. இந்தச் சாமான்களிலோ உயிரைப் பறிக்கிற சேதம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததுதான். கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் போட்டேன், யாரும் எடுத்து இடுப்பில் கட்டிவிடக்கூடாது என்று.

எப்படிப் பத்திரமாக வைப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் எல்லாம் வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் இருக்கட்டும். பேட்டரி, ப்ளீச், பெட்ரோல் இருக்கும் அறையிலேயே வேண்டாம். லேபிளை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். டென்டை ஈரத்தோடு மடிக்காதீர்கள். ஹெட்லேம்ப் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வெளியாளை விட்டே ஆகவேண்டுமென்றால் சுவரில் கொக்கி அடிப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். பையையெல்லாம் திறந்து முகர்ந்து பார்க்காமல் ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

இந்த மாதிரி ஆப்பிடமிருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். இரண்டு மாதச் சம்பளத்தை நான் விடுவதாக இல்லை.