"ஃப்ரீ அப்கிரேட்" என்றால் சாவியை வாங்காதீர்கள்: மான்டானா மலையில் மோட்டார்ஹோமோடு பட்ட பாடு

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் இருக்கும் க்ளேஸியர் தேசியப் பூங்காவுக்கு மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) எடுத்துப் போகத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 21 அடி நீளம், 8 அடி அகலம். நீளம் என்பது முன் பம்பர் பின் பம்பர் சேர்த்து. அகலம் என்பது இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்த்து. அதற்கு மேல் போனால் 'கோயிங்-டு-தி-சன்' சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே விடமாட்டார்கள். அந்த நடுப்பகுதிக்காகத்தான் எல்லோரும் அங்கே போகிறோம். லோகன் கணவாய் அங்கேதான் இருக்கிறது.

இந்த எண்கள் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஏமாந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

போன ஜூலையில் அப்பாவும் அம்மாவும் மேட்டுப்பாளையத்திலிருந்து சியாட்டிலுக்கு என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறார். ஐப்பசி மழையில் எங்கே மண் சரிந்தாலும் தீபாவளி அன்றைக்கும் வீட்டில் இருக்கமாட்டார். அவருக்கு நயாகராவும் வேண்டாம், டிஸ்னியும் வேண்டாம். யாரோ அனுப்பிய வீடியோவில் இந்த ரோட்டைப் பார்த்துவிட்டு, "1932-லயே இப்படிப் பாறைய வெட்டி முடிச்சிருக்கானுங்க, அத ஒருக்காப் பாத்துப்போடோணும் கண்ணு" என்றார். அவருக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் மோட்டார்ஹோம்.

வண்டி தேடவே மூன்று வாரம் ஆனது. வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை டிரைவர் தலைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் ரகம். அதில் குட்டையானதைப் பிடித்துவிட்டால் 21 அடிக்குள் வந்துவிடுமே என்று நினைப்பீர்கள். நீளத்தில் வரும், அகலத்தில் வராது. பெட்டியே எட்டடிக்குப் பக்கம், கண்ணாடிகளை விரித்தால் தாண்டிவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான், நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு புக் செய்துவிடுகிறார்கள். வேன் ரகம் ஒன்றுதான் வழி. உயரத்தையும் பார்க்கவேண்டும். பத்தடிக்கு மேல் போனால், லோகன் கணவாயிலிருந்து மேற்கே 'லூப்' என்ற கொண்டை ஊசி வளைவு வரை இறங்கும்போது ரோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை இடிக்கும் என்று பூங்காக்காரர்களே எச்சரிக்கிறார்கள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. 19 அடி 5 அங்குலம் நீளம், 9 அடி 8 அங்குலம் உயரம், கண்ணாடியோடு அளந்தாலும் எட்டடிக்குள். அவர்கள் இருவரும் உள்ளே, நான் வெளியே கூடாரத்தில். முகாமும் அதற்கேற்ற மாதிரி ஸ்ப்ரேக் க்ரீக்கில் பிடித்தேன். மெக்டொனால்ட் ஏரியை ஒட்டிய சின்ன முகாம் அது. மொத்தமே 25 இடம், இழுவை வண்டி (பின்னால் கட்டி இழுக்கிற ட்ரெய்லர்) கூடாது, இங்கேயும் 21 அடிதான் எல்லை. மாதக்கணக்கில் முன்னதாகவே கம்ப்யூட்டர் முன்னால் விடியற்காலை உட்கார்ந்து பிடித்த இடம்.

வண்டி எடுக்கவேண்டிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய் நிற்கிறோம். கவுண்டரில் இருந்தவர் நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஃப்ரீ அப்கிரேட்" என்றார். என்னுடைய வேனை முந்தைய ஆள் இடித்துக் கொண்டுவந்துவிட்டாராம். அதற்குப் பதில் 25 அடி வண்டி, ஒரு சென்ட் கூடுதல் இல்லை. அப்பா அம்மா தாராளமாகப் படுக்கலாம், எனக்கும் உள்ளேயே இடம்.

21 அடிக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். அது இழுவை வண்டிகளுக்கான விதியாம், எங்கள் வண்டிகள் வாரா வாரம் அந்த ரோட்டில் போகின்றனவாம். "அதை இந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்றேன். எழுத எங்களுக்கு அனுமதி இல்லை என்றார். அந்த நொடியில் நான் திரும்பி நடந்திருக்கவேண்டும். ஆனால் வேண்டாம் என்றால் நான் ரத்து செய்ததாகக் கணக்காம், கட்டின பணத்தில் பாதி வராதாம். ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று ஏழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது: வண்டியின் ரகத்துக்கு உறுதி கிடையாது, அதே போன்றதோ பெரியதோ தரப்படும். வெளியே வெயிலில் அம்மா அரிசி மூட்டையும் குக்கரும் வைத்துக்கொண்டு நிற்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

புறப்படும்போது அப்பா வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "பொறத்தால ஏணி இருக்குதே, மேல ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கோ கண்ணு" என்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஐ-90 நெடுஞ்சாலையில் எல்லன்ஸ்பர்க் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். நான் பெட்ரோல் போட்டு முடிப்பதற்குள் அப்பா கடைக்குள் போய் ஒரு இரும்பு டேப் வாங்கி வந்துவிட்டார். முனையை என்னிடம் கொடுத்து முன் பம்பரில் பிடிக்கச் சொன்னார். அவர் பின்னால் நடந்தார். டேப் நடுவில் தொய்ந்தபோது, "இழுத்துப் புடி" என்றார். ஏணிக்குப் பக்கத்தில் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். "இருபத்தஞ்சும் இல்ல. இருபத்தாறே கால்." பிறகு வண்டியின் பக்கக் கண்ணாடிக்குக் கண்ணாடி அளந்தார். அந்த எண்ணை என்னிடம் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு மைல் கொடுத்தது அந்த வண்டி. அதில் லுக்கவுட் கணவாய் ஏறியது தனிக்கதை, விடுங்கள்.

வெஸ்ட் க்ளேஸியர் நுழைவாயிலில் இருந்த ரேஞ்சர் பெண் வண்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். விதி இழுவை வண்டிக்கு மட்டுமா என்று கேட்டேன். எல்லா வண்டிக்கும்தான் என்றார். இந்த வாரத்தில் இதே கதையோடு வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை என்றும் சொன்னார். ஸ்ப்ரேக் க்ரீக் முகாம் அவலாஞ்சுக்கு முன்னாலேயே இருக்கிறது, அங்கே வரை ஓட்டிப் போகலாம்தான். ஆனால் இடத்தில் நிறுத்த முடியாது. வாசலிலேயே அளவுப் பலகை. உள்ளே நான் பிடித்த இடம் ஏரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது, கார் போகிற அளவுக்கு ஒரு தார்த் துண்டும் ஒரு மேசையும். பார்த்துவிட்டுத் திரும்பினோம். அப்கர் முகாமில் பெரிய வண்டிகளுக்குச் சில இடங்கள் உண்டு, ஜூலை சனிக்கிழமையில் எங்கே கிடைக்கும்? பூங்காவுக்கு வெளியே ஹங்ரி ஹார்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் முகாமில் இரவுக்கு 110 டாலர் கொடுத்துத் தங்கினோம். இரண்டடி தள்ளி அடுத்த வண்டி. அம்மா ரசம் வைத்ததும் பக்கத்து வண்டிக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

மலையின் கிழக்குப் பக்கத்தையாவது பார்க்கலாம் என்று மறுநாள் சுற்றுப்பாதையில் போனோம். யு.எஸ். 2 நெடுஞ்சாலையில் மரியாஸ் கணவாய் ஏறி, ப்ரௌனிங் வழியாக செயின்ட் மேரி. ஒருவழிக்கு நூறு மைல். நல்ல ரோடுதான், லாரி போகிற ரோடு. அப்பா தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள், அந்த ரோட்டில் ஆட்களைச் சுற்றிக் காட்டும் பூங்காவின் சிவப்பு பஸ்ஸில் யாரோ ரத்து செய்ததில் இரண்டு இடம் கிடைத்தது. 1930-களில் செய்த பஸ்கள் அவை, துணிக்கூரையைச் சுருட்டிவிட்டு வானத்தைப் பார்த்தபடி போகலாம். இன்னும் 33 ஓடுகின்றன. இருவரையும் ஏற்றிவிட்டு நான் பார்க்கிங்கில் இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த வண்டிக்குக் காவல் இருந்தேன். சாயங்காலம் இறங்கிய அப்பா முகத்தில் அத்தனை வெளிச்சம். "முதல்ல போட்ட பிளான்ல பதினஞ்சு கொண்டை ஊசியாம். அத மாத்தி ஒண்ணே ஒண்ணுல முடிச்சிருக்கான். நம்ம குன்னூர் ரோட்டுல பதினாலு" என்று டிரைவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். அந்த ரோட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி பணக்கணக்கு. வேனுக்கு மைல் கட்டணம் கிடையாது. பெரிய ரகத்துக்கு நாளைக்கு நூறு மைல்தான் இலவசமாம், 'ஃப்ரீ அப்கிரேட்' என்றபோது யாரும் இதைச் சொல்லவில்லை. ஆறு நாளில் 1,340 மைல் ஓட்டியிருந்தேன். அதிகப்படி 740 மைலுக்கு 40 சென்ட் வீதம் 296 டாலர். அதைக்கூட ஜீரணித்திருப்பேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு பையன் பின்னேணியில் விறுவிறுவென்று ஏறினான். கூரை ஓரத்தில் கீறல் என்று கீழே கையைக் காட்டினான். நாங்கள் எந்தப் பாறைக்குக் கீழேயும் போகவில்லை, போக விட்டால்தானே! கீறலுக்குள் பாசி பிடித்திருந்தது. அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பச்சையாக வந்தது. 1,150 டாலரை டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். நாளைக்கு 30 டாலர் என்று அவர்களிடமே எடுத்த காப்பீடு எதற்கு என்று கேட்டால், கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் அது செல்லாதாம். மோட்டார்ஹோம் வாடகைக் காப்பீடுகளில் இந்த விலக்கு சர்வ சாதாரணம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் பாதுகாப்பையும் நம்பாதீர்கள், பெரும்பாலான கார்டுகள் மோட்டார்ஹோமைச் சேர்ப்பதில்லை. உங்கள் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வங்கியில் ஆட்சேபம் போட்டேன். என்னைக் காப்பாற்றியது அவர்களுடைய தாள்தான். வண்டி எடுக்கும்போது நிரப்பிய பரிசோதனைப் படிவத்தில் 'கூரை' என்ற கட்டத்தில் டிக் போடவே இல்லை. பார்த்ததாகப் பதிவு இல்லாத கூரையில் புதுக்கீறல் என்று எப்படிச் சொல்வது? பத்து வாரம் கழித்து 1,150 திரும்பி வந்தது. அந்தப் படிவத்தை எடுத்து வைத்திருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும். மைல் பணம் வரவில்லை, முகாம் பணம் வரவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், புக் செய்யும்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "எனக்கு 21 அடிக்கு உட்பட்ட வண்டிதான் வேண்டும், காரணம் இன்ன சாலை. பெரியது கொடுத்தால் முழுப்பணமும் திருப்பித் தரவேண்டும்." ஒத்துக்கொண்டு பதில் எழுதுகிற கம்பெனியிடம் மட்டும் எடுங்கள். நான் இப்போது விசாரித்ததில் இரண்டு பேர் எழுதித் தந்தார்கள், மூன்றாவது ஆள் போனை வைத்துவிட்டார். அந்த ரோடு பனி அகற்றி முழுசாகத் திறக்க ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம்கூட ஆகலாம். பூங்காவின் வாகன அனுமதி விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. போகிற வருடத்து விதியைப் பூங்காவின் தளத்திலேயே பாருங்கள், என் பதிவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம், ஏணி இருந்தால் ஏறுங்கள்.

வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். கம்பெனியின் பதில் போன வாரம் வந்தது: வாடிக்கையாளருக்குக் கூடுதல் வாடகையின்றி உயர்ரக வண்டி வழங்கப்பட்டது, அவர் அதை மகிழ்ச்சியுடன் ஏற்றுக் கையெழுத்திட்டார். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். 'மகிழ்ச்சியுடன்' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அப்பாவோ பக்கத்திலிருந்து, பம்பரில் டேப் வைத்த போட்டோவை அனுப்பினாயா என்று கேட்டார். அனுப்பியிருக்கிறேன்.