சார்டனே, சோவின்யோன் பிளாங்க், ரீஸ்லிங்: லேபிளில் எங்கே பார்ப்பது?

வெள்ளை ஒயின் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திராட்சையின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். சார்டனே என்றால் கனமாக இருக்கும், சோவின்யோன் பிளாங்க் என்றால் சுள்ளென்று இருக்கும், ரீஸ்லிங் என்றால் இனிக்கும் என்று ஒரு மனக்கணக்கு. அந்தக் கணக்கு அடிக்கடி தப்பிப்போகும். மூன்றிலும் மணம் உருவாகும் இடம் வேறு வேறு. சார்டனேயின் மணத்தில் பெரும்பங்கு நிலவறையில் உருவாகிறது. சோவின்யோனில் ஈஸ்ட் வேலை செய்யும் அந்தச் சில வாரங்களில். ரீஸ்லிங்கில் பழத்திலேயே பாதி, மீதி பாட்டிலுக்குள் கழியும் ஆண்டுகளில். எனவே சார்டனே வாங்கும்போது செய்முறையைப் பாருங்கள், சோவின்யோனுக்கு அறுவடை ஆண்டை, ரீஸ்லிங்குக்கு ஆல்கஹால் சதவீதத்தை.

சார்டனே: செய்பவரின் கை

பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையும் குவே பிளாங்க் என்ற, யாரும் பெரிதாக மதிக்காத பழைய ரகமும் கலந்து பிறந்தது சார்டனே. 1999இல் மரபணுச் சோதனை இதைக் காட்டியது. பழமாகத் தின்றாலும் சாறாகக் குடித்தாலும் இதில் தூக்கலான மணம் எதுவும் இல்லை. அதனால்தான் பிரான்சின் பர்கண்டி என்ற ஒரே வட்டாரத்தில் சாப்ளி ஊர் ஒயின் எலுமிச்சையும் ஈரக்கல்லுமாக வருகிறது, மெர்சோ ஊர் ஒயின் வெண்ணெயும் வறுத்த கொட்டையுமாக வருகிறது.

வெண்ணெய் மணம் வருவது மேலோலாக்டிக் நொதித்தலில். பாக்டீரியா கூர்மையான மேலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. 1 கிராம் மேலிக் சுமார் 0.67 கிராம் லாக்டிக் ஆகும், மிச்சம் கரியமில வாயுவாகப் போய்விடும். இந்த வேலையின் உபரிதான் டயாசெட்டில், வெண்ணெயிலும் இருக்கும் அதே சேர்மம். மேலிக் தீர்ந்த பிறகும் ஒயினை அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலோடு சில வாரம் விட்டுவைத்தால் ஈஸ்ட் டயாசெட்டிலைக் குறைத்துவிடும். உடனே வண்டலைப் பிரித்தால் அது தங்கிவிடும். வெண்ணெய் தூக்கலாக இருக்கும் சார்டனேயைப் பிடிக்காதவர்கள் உண்மையில் வெறுப்பது திராட்சையை அல்ல, இந்த ஒரு முடிவைத்தான்.

ஓக் மரப் பீப்பாய் விஷயமும் இப்படித்தான். பர்கண்டியின் 228 லிட்டர் பீப்பாயில் சாறை ஊற்றி அங்கேயே நொதிக்கவிட்டால், மரத்திலிருந்து இறங்கும் வனிலினில் ஒரு பகுதியை ஈஸ்ட் மணமில்லாத பொருளாக மாற்றிவிடும். மரம் ஒயினோடு இழைந்துபோகும். எஃகுத் தொட்டியில் நொதித்துத் தெளிந்த ஒயினைப் புதுப் பீப்பாயில் போட்டால் பலகை வாசனை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எனவே பின்லேபிளில் ‘பீப்பாயில் நொதித்தது’ என்பதும் ‘பீப்பாயில் முதிர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல. எதுவுமே எழுதியிராவிட்டால் ஆல்கஹாலைப் பாருங்கள்: 12.5 என்றால் குளிர்ந்த இடத்துப் பழம், 14 என்றால் வெயில் கண்ட பழம்.

சார்டனேயின் பெரிய குறை சீக்கிரக் கிழடு. 1990களின் நடுப்பகுதி தொட்டு, பத்து ஆண்டு தாங்க வேண்டிய வெள்ளை பர்கண்டிகள் (சார்டனேயில் செய்த பர்கண்டி ஒயின்கள்) பல ஐந்தாறு ஆண்டிலேயே பழுப்பேறின. ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் நன்றாக இருக்கும், பக்கத்து பாட்டில் கன்றிப்போன ஆப்பிள் போல மணக்கும். கண்ணாடி வழியே நிறத்தைப் பாருங்கள். வயதுக்கு மீறிய அடர்பொன் நிறம் நல்ல அறிகுறி அல்ல.

சோவின்யோன் பிளாங்க்: ஆண்டு எண்

இதன் மணத்துக்கு இரண்டு வேர்கள். ஒன்று மெத்தாக்ஸிபைரசீன், குடைமிளகாயின் பச்சை வாசனையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழம் பழுக்கப் பழுக்க, கொத்தின்மேல் வெளிச்சம் படப் பட இது குறையும். இலை அடர்ந்து மூடிய கொடியின் பழமானால், சர்க்கரை ஏறியிருந்தாலும் ஒயினில் பச்சைக் காம்பு வாசனை அடிக்கும். ஆகவே கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைப் பழம் பச்சையாக இருக்கும்போதே கிள்ள வேண்டும். கனியும் தறுவாயில் கிள்ளினால் பலன் குறைவு, தோல் வெந்துபோகவும் கூடும்.

இரண்டாவது தயோல்கள்: பப்ளிமாஸ், பாஷன் ஃப்ரூட் வாசனை. இவை பழத்தில் மணமில்லாத வடிவில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு சோவின்யோன் பழத்தை மென்று விழுங்குங்கள். முதலில் வெறும் இனிப்பும் புளிப்பும்தான். அரை நிமிடம் கழித்து, வாய் காலியான பிறகு, அந்த மணம் தொண்டையிலிருந்து மேலே வரும். நொதித்தலின்போது ஈஸ்ட் இதே கட்டை அறுக்கிறது. நியூசிலாந்தின் மார்ல்பரோ பாட்டிலில் பாஷன் ஃப்ரூட் அவ்வளவு ஓங்கி நிற்பதும், பிரான்சின் சான்செரில் அது அடங்கிச் சுண்ணாம்புக்கல், எலுமிச்சைத் தோல் பக்கம் சாய்வதும் இதில்தான் பிரிகின்றன.

தயோல்களுக்கு ஆயுள் குறைவு. ஆக்சிஜன் பட்டால் போச்சு, செம்பு பட்டால் போச்சு. பாஷன் ஃப்ரூட் மணத்தைத் தூக்கிக் காட்டும் அசிடேட் வடிவம் பாட்டிலுக்குள்ளேயே மாதக்கணக்கில் சிதைந்துகொண்டிருக்கும். சூடான அலமாரியில் இன்னும் வேகமாக. மூன்று ஆண்டு பழைய மார்ல்பரோ தள்ளுபடியில் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். டின்னில் அடைத்த பட்டாணி, அஸ்பாரகஸ் வாசனைதான் மிஞ்சியிருக்கும். செமியோன் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையோடு கலந்து பீப்பாயில் வளர்த்த, பிரான்சின் போர்தோ வெள்ளை ஒயின் மட்டும் இதற்கு விலக்கு. அது நின்று முதிரும்.

ரீஸ்லிங்: ஆல்கஹால் சதவீதம்

1435ஆம் ஆண்டு ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைமில் எழுதிய ஒரு கணக்குச்சீட்டிலேயே ரீஸ்லிங் கொடி வாங்கிய பதிவு இருக்கிறது. இதற்கு ஓக்கும் மேலோலாக்டிக்கும் பெரும்பாலும் வேண்டாம். இரண்டும் பூமணத்தை மூடிவிடும்.

இனிப்பா இல்லையா என்பதை ஒரு சின்னக் கணக்கில் பிடித்துவிடலாம். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். சாறில் 200 கிராம் இருந்து, 8 சதவீதத்தில் நொதித்தலை நிறுத்தியிருந்தால், 136 கிராம் செலவாகி 64 கிராம் மிச்சம். ஆக 8, 9 என்று இருந்தால் இனிப்பு, 12க்கு மேல் என்றால் அநேகமாக உலர்ந்தது, அதாவது இனிப்பில்லாதது. ஜெர்மன் லேபிளில் வரும் ‘ஷ்பேட்லேஸெ’ என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். அது அறுவடையின்போது பழத்தில் இருந்த சர்க்கரையைச் சொல்கிறது, பாட்டிலில் மிஞ்சியதை அல்ல. கூடவே ‘ட்ரோக்கன்’ (உலர்ந்தது) என்றிருந்தால் மிச்சச் சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டாது. அந்த 64 கிராமும் நாக்கில் பாகாக நிற்பதில்லை, புளிப்பு அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். டிடிஎன் என்ற சேர்மம் அது. வெயில் பட்ட பழத்திலுள்ள கரோட்டினாய்டுகளிலிருந்து, காலம் போகப் போகப் பாட்டிலில் உருவாகும். பத்து வயது பாட்டிலில் அது அழகு, ஒரு வயது பாட்டிலில் பழம் வெந்திருக்கிறது என்று பொருள்.

நீண்டகாலம் தாங்குவதில் ரீஸ்லிங்தான் முதலிடம், அதற்குக் காரணம் புளிப்பைக் காட்டும் பிஎச் எண். அது குறையக் குறையப் புளிப்பு கூடும். ஒயினில் கலக்கும் சல்ஃபர் டையாக்சைடில் வேறெதோடும் பிணையாமல் இருப்பது கட்டற்றது, அதிலும் ஒரு சிறு பங்கான மூலக்கூற்று வடிவமே ஒயினைக் காக்கிறது. அந்த மூலக்கூற்று சல்ஃபர் டையாக்சைடு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வேண்டுமென்றால், பிஎச் 3.0 உள்ள ரீஸ்லிங்குக்குக் கட்டற்ற சல்ஃபர் டையாக்சைடு சுமார் 13 மில்லிகிராம் போதும். பிஎச் 3.2 சோவின்யோனுக்கு 20 வேண்டும், 3.5 எட்டிய சார்டனேக்கு 40. வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் பிஎச் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போடுவதால்தான் ஒரு தொட்டி தீக்குச்சி வாசனையோடும் இன்னொன்று பழுப்பாகவும் முடிகிறது.

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் விளையும் ஷெனின் பிளாங்க் திராட்சையையும் ரீஸ்லிங் கணக்கிலேயே பார்க்கலாம். அங்குள்ள வூவ்ரே ஊர் பாட்டிலில் ‘செக்’ என்றால் உலர்ந்தது, ‘முவாலே’ என்றால் இனிப்பு.

பரிமாறும்போது ரீஸ்லிங்கும் சோவின்யோனும் 8 முதல் 10 டிகிரி, பீப்பாய் கண்ட சார்டனே 11 முதல் 13. குளிர்பெட்டியின் 4 டிகிரியிலிருந்து நேராக ஊற்றினால் சார்டனேயில் மணம் அடங்கி, ஓக்கின் கசப்பு மட்டும் முன்னால் வரும். இருபது நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டுத் திறவுங்கள். மூடியைத் திறந்த பிறகு சோவின்யோனை மறுநாளைக்குள் முடித்துவிட வேண்டும். ரீஸ்லிங் மூடிக் குளிரில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். அடியில் சர்க்கரைப் பரல் போல எதுவும் தங்கியிருந்தால் அது டார்ட்ரேட் படிகம். கெடுதல் இல்லை, ஊற்றும்போது கலங்காமல் சாய்த்தால் போதும்.